வலசைப் பறவையும் ஒளிப்படக் கருவியும்

நுழையும்முன்

கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. கண்ணில் பட்டதையெல்லாம் நொடிப்பொழுதில் படமாக்கிவிடுகிறோம். ஆனால், ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்திற்குப் பறந்துகொண்டிருக்கும் வேட்டைப் பறவையைப் படம் எடுக்க விரைவு மட்டும் போதாது. பொறுமை வேண்டும், அறிவு வேண்டும், அறமும் வேண்டும். இம்மூன்றனுள் முதன்மையானது எது என்பது குறித்து இக்கட்டுரை ஒரு கருத்தை முன்வைக்கிறது. நீங்கள் அதனோடு உடன்படலாம். தக்க காரணம் காட்டி மறுக்கவும் செய்யலாம்.

வலசை போதல்

ஓரிடம் விட்டு வேறிடத்திற்குக் கூட்டமாகப் பெயர்ந்து செல்வதை ‘வலசை போதல்’ என்பது தமிழ் வழக்கு. பகைவர் படைக்கு அஞ்சி ஊரைவிட்டுப் பெயர்ந்த மக்களைக் குறிக்கவும் இச்சொல் முன்னர் வழங்கியதுண்டு. இன்றோ பறவைகளுக்கே இது மிகுதியும் வழங்குகிறது. மனிதர்க்கும் பறவைக்கும் பொதுவாக ஒரு சொல்லை ஆண்ட முன்னோர், பெயர்ந்து செல்லும் உயிர்களின் துன்பத்தை உணர்ந்தவராகவே இருந்திருக்க வேண்டும்.

வடக்கே குளிர் தொடங்கும்போது வேட்டைப் பறவைகள் பல இந்தியாவை நோக்கி வருகின்றன. மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும் ஸ்டெப்பிக் கழுகுகள் இமயமலையின் அடிவாரத்தை ஒட்டிப் பறக்கின்றன. அவ்வினக் கழுகுகள் பல, இராஜஸ்தானில் பீகானேரை அடுத்த ஜோர்பீரில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் பூனைப்பருந்துகள் மாலைதோறும் நூற்றுக்கணக்கில் தரையிறங்கி அடைகின்றன. பெரிய கழுகுகள் நெடும்பயணத்தில் சிறகுகளை மிகுதியாக அடிப்பதில்லை. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, அங்கிருந்து அடுத்த வெப்பக் காற்று எழும் இடம்வரை சறுக்கிச் செல்கின்றன. உடலில் சேர்த்துவைத்த ஆற்றலை வீணாக்காமல் காற்றின் ஆற்றலைக் கடன் வாங்கிக்கொள்ளும் திறம் அது.

இவற்றினும் வியப்புக்குரியது அமூர் வல்லூறு. மாடப்புறாவைவிடச் சிறிய இப்பறவையின் எடை ஏறத்தாழ 150 கிராம். சைபீரியாவின் தென்கிழக்குப் பகுதியிலும் வடகிழக்குச் சீனத்திலும் மங்கோலியாவின் ஒரு பகுதியிலும் இது குஞ்சு பொரிக்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்கு இந்தியாவில் சில வாரங்கள் தங்கி, ஈசல் முதலிய பூச்சிகளைத் தின்று உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது. பின்னர் இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலின்மேல் இடைவிடாது பறந்து ஆப்பிரிக்காவை அடைகிறது. அக்கண்டத்தின் தென்பகுதியில் சில மாதங்கள் வாழ்ந்து, மீண்டும் வடக்கே திரும்புகிறது. போகவர இப்பயணம் 20,000 கிலோமீட்டருக்கும் மிகுதியானது. கடலின்மேல் இளைப்பாற மரமில்லை. தங்கிய இடத்தில் உண்ட உணவே துணை.

ஒரு நொடியின் கணக்கு

இத்தகைய பறவையை அது பறக்கும்போதே தெளிவாகப் படம் எடுப்பது எளிதன்று. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வல்லூறு பறப்பதாகக் கொள்வோம். ஒரு நொடியில் அது ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். கருவியின் கதவம் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் பறவை 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் பறவை இராது, ஒரு தீற்றல்தான் இருக்கும். கதவம் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தால், நகர்வு 7 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். அப்போதுதான் இறகுகளின் விளிம்பு தெளியும்.

கருவியின் வேகம் ஒரு பாதி. எடுப்பவரின் உடல் மறு பாதி. கால்களை அகற்றி ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, பறவையின் போக்கோடு கருவியையும் சீராக நகர்த்த வேண்டும். கதிரவன் முதுகுப்புறம் இருத்தல் நலம். வெளிச்சம் மிக்க வானம் பின்னணியாக அமையும்போது, கருவி அவ்வெளிச்சத்தை மட்டுமே அளந்து பறவையைக் கரிய நிழலாக்கிவிடும். ஆகவே கருவி காட்டும் அளவைவிடச் சற்று மிகுதியான ஒளியை உள்ளே விட வேண்டும். இல்லையேல் ஆண் அமூர் வல்லூறுவின் உட்சிறகு வெண்மையும், சாம்பல் நிற உடலும், செம்பழுப்பான தொடையும் தோன்றாமல் போகும். எந்தப் பறவை என்றே கூற இயலாது.

இவ்வளவு முயன்றும் நூறு படங்களுள் ஒன்றிரண்டே நன்றாக அமையும். இத்தோல்வி நல்லது என்பது என் எண்ணம். விரலைத் தொட்டவுடன் எல்லாம் கிடைக்கும் காலத்தில், நம் விருப்பத்திற்கு வளையாத ஓர் உயிர் நம்மைக் காத்திருக்க வைக்கிறது. காத்திருக்கும்போது நாம் பார்க்கக் கற்றுக்கொள்கிறோம். காற்று எத்திசையில் வீசுகிறது, எந்த நேரத்தில் பறவை மேலெழுகிறது, எந்த மரத்தை விரும்புகிறது என்பவை படத்தில் தெரிவதில்லை. படம் எடுக்கக் காத்திருந்தவரின் அறிவாக அவை தங்கிவிடுகின்றன.

துப்பாக்கி வடிவில் ஒரு கருவி

பறக்கும் பறவையைத் தொடர்ச்சியாகப் படம் எடுத்த முன்னோடிகளுள் ஒருவர் எத்தியென் ஜூல் மாரே என்னும் பிரெஞ்சு அறிவியலாளர். 1882ஆம் ஆண்டில் அவர் செய்த கருவி துப்பாக்கியின் வடிவில் இருந்தது. தோளில் பொருத்திக் குறிபார்த்து விசையை இழுத்தால், குண்டு வெளிவராது. ஒரு நொடியில் 12 படங்கள் பதிவாகும். சிறகு எவ்வாறு மேலெழுந்து கீழிறங்குகிறது என்பதை ஒரு பறவையையும் கொல்லாமல் அவர் ஆராய்ந்தார்.

துப்பாக்கிக்கும் படக்கருவிக்கும் உள்ள இவ்வுறவு ஆங்கில மொழியிலும் நிலைத்துவிட்டது. சுடுவதற்கும் படம் எடுப்பதற்கும் அம்மொழி ஒரே வினையை வழங்குகிறது. தமிழில் நாம் படம் ‘எடுக்கிறோம்’, படம் ‘பிடிக்கிறோம்’. எடுப்பதும் பிடிப்பதும்கூட ஒன்றைத் தனதாக்கிக்கொள்வதைக் குறிக்கும் சொற்களே. அவ்வாறாயின், பறவையிடமிருந்து நாம் எடுப்பது எது? அதன் உருவத்தின் ஒளியை மட்டுமா? அதன் உணவு நேரத்தையும் உறக்கத்தையும் சேர்த்தா? இவ்வினாவிலிருந்தே ஒளிப்பட அறம் தொடங்குகிறது. படம் எடுப்பவர் பறவையிடமிருந்து வேறெதையும் எடுத்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

பாங்டி ஊரார் செய்தது

படத்திற்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதற்கு நாகாலாந்தின் வோக்கா மாவட்டம் சான்று. அங்குள்ள தோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காடுகளில் அமூர் வல்லூறுகள் இலட்சக்கணக்கில் வந்து தங்குகின்றன. அருகிலுள்ள பாங்டி ஊரில் வாழ்வோர் லோத்தா நாகர். 2012ஆம் ஆண்டு அக்டோபரில், பத்திரிகையாளர் பானோ ஹராலு, காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் ராம்கி சீனிவாசன் உள்ளிட்ட ஒரு குழுவினர் அங்குச் சென்றனர். பறவைகள் அடையும் இடங்களில் மீன்வலைகள் உயரக் கட்டப்பட்டிருந்தன. வலையில் சிக்கிய பறவைகள் உணவுக்காகவும் விற்பனைக்காகவும் கொல்லப்பட்டன. நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 பறவைகள் வரை மடிந்திருக்கலாம் என்று அக்குழுவினர் மதிப்பிட்டனர். அவர்கள் எடுத்த படங்களும் காணொளியும் உலகெங்கும் பரவின.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. ஊர்ப் பெரியோரும் திருச்சபையினரும் வனத்துறையினரும் தன்னார்வலரும் ஒன்றுகூடி, வேட்டையை நிறுத்த முடிவெடுத்தனர். 2013ஆம் ஆண்டின் வலசைக் காலத்தில் அங்கு ஒரு பறவையும் வலையில் கொல்லப்படவில்லை என்று பதிவாகியது. வலை கட்டியோரே காவலராயினர். அவ்வாண்டு நவம்பரில் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் அறிவியலாளரும் அயல்நாட்டு வல்லுநரும் மூன்று வல்லூறுகளுக்கு 5 கிராம் எடையுள்ள செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்திப் பறக்கவிட்டனர். அவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்டி எனப் பெயரிடப்பட்டது. வேட்டைக்குப் பெயர்பெற்ற ஊரின் பெயர் ஒரு பறவையின் பெயராகிக் கடல் கடந்தது.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பெரும்பாலும் படம் எடுத்தோரைப் போற்றுவதோடு நிறுத்திக்கொள்வர். அது பாதி உண்மையே. வலையில் தொங்கும் பறவையின் படம் உலகின் சினத்தை ஒரு சிற்றூரின்மீது திருப்பியது. ஆனால், வேட்டையைக் கைவிட்டபோது அவ்வூரார் இழந்த வருவாயையும், காட்டைக் காவல் காத்த உழைப்பையும் அதே விரைவில் உலகம் பகிர்ந்துகொள்ளவில்லை. செசினோ யோஷு இயக்கிய ‘தி பாங்டி ஸ்டோரி’ என்னும் ஆவணப்படம் பின்னர் அவ்வூராரின் மாற்றத்தைப் பதிவுசெய்து தேசிய விருது பெற்றது. குற்றத்தைக் காட்டும் படம் தேவை. அதைத் திருத்திக்கொண்டவரைக் காட்டும் படம் அதைவிடத் தேவை. முதற்படம் நம்மைச் சினம் கொள்ளச் செய்யும். இரண்டாம் படமே நாமும் மாறலாம் என்று கற்பிக்கும்.

எல்லை எது?

‘படங்களால் பறவைகள் காக்கப்பட்டன அல்லவா? அவ்வாறாயின் எவ்வளவு அருகில் சென்று படம் எடுத்தாலும் தவறில்லை’ என்று சிலர் வாதிடுவர். இவ்வாதம் பொருந்தாது. வலசைப் பறவை தங்கும் இடம் அதற்கு உணவுக்கூடம். அடையும் மரம் அதற்கு உறைவிடம். நாம் நெருங்கும்போது அது அஞ்சி மேலெழுகிறது. கடலைக் கடக்கச் சேர்த்துவைத்த கொழுப்பில் ஒரு சிறு பங்கு அந்தச் சிறகடிப்பில் எரிந்துவிடுகிறது. ‘ஒருமுறை எழுப்பினால் என்ன?’ என்று நாம் எண்ணலாம். நமக்கு முன் வந்த பத்துப்பேரும் அவ்வாறே எண்ணியிருப்பர். நமக்குப் பின் வருவோரும் அவ்வாறே எண்ணுவர். பறவைக்கோ அது ஒருமுறை அன்று.

தரையில் அடையும் பூனைப்பருந்துகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மாலை மங்கும் நேரத்தில் புல்வெளிக்குள் ஒரு வண்டி நுழைந்தால், அவை எழுந்து இருளில் வேறிடம் தேட வேண்டும். அழகிய படத்திற்காக இரை வைத்து வேட்டைப் பறவையை வரவழைப்போரும் உளர். அச்செயல் மனிதனைக் கண்டு அஞ்சி விலகும் இயல்பை மழுங்கச் செய்கிறது. இங்கு நம்மிடம் அஞ்சாத பறவை, வழியில் வலையோடு காத்திருப்பவனிடமும் அஞ்சாமல் செல்லும்.

‘அப்படியானால் படக்கருவிகளையே தடை செய்துவிடலாமே’ என்று கேட்போரும் உண்டு. அதனையும் நான் ஏற்கவில்லை. கருவி சென்றிராவிட்டால் தோயாங்கின் துயரம் வெளியுலகிற்குத் தெரிந்திராது. தடை வேண்டுவதில்லை, எல்லை வேண்டும். அவ்வெல்லையை மீட்டர்க் கணக்கில் கூறிவிட இயலாது. பறவையின் நடத்தையே அளவுகோல். உண்பதை நிறுத்தித் தலைநிமிர்ந்து நம்மை நோக்கினால் அங்கேயே நிற்க வேண்டும். உடலை ஒடுக்கிப் பறக்க ஆயத்தமானால் பின்வாங்க வேண்டும். பறந்துவிட்டால், நாம் எல்லையைக் கடந்துவிட்டோம் என்பது பொருள். அருகில் செல்ல இயலாத குறையைத் தொலைநோக்கு வில்லை நீக்கட்டும். அதுவும் இல்லையெனில் படத்தில் பறவை சிறியதாகவே இருக்கட்டும். பெருவானில் சிறு புள்ளியாகத் தோன்றும் வல்லூறு உண்மைக்கு மாறானதன்று. அவ்வளவு பெரிய வானில் அவ்வளவு சிறிய உயிர் பறக்கிறது என்பதுதானே வியப்பு!

படமும் வாய்மையும்

படத்தில் இல்லாத நிலவைச் சேர்ப்பதும், இரு வேறு படங்களிலுள்ள பறவைகளை ஒரே வானில் இணைப்பதும் இன்று சிறுவர்க்கும் கைவந்த வேலை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, உலகில் இல்லாத பறவையையே உருவாக்கிவிடலாம். அதனை ஓவியமாகக் காட்டினால் குற்றமில்லை. கண்டது என்று கூறினால் அது பொய்ச்சான்று.

நாள், நேரம், இடம் ஆகிய மூன்றும் சேர்ந்த மங்கலான படம்கூட ஆய்வாளர்க்குப் பயன்படும். சிறகில் உதிர்ந்த இறகின் இடைவெளியைக் கொண்டு பறவையின் வயதை அறிய முயல்வர். வாலின் பட்டைகளைக் கொண்டு இனத்தை உறுதிசெய்வர். பல ஊர்களிலிருந்து பல ஆண்டுகள் சேரும் பதிவுகளைக் கொண்டு, வலசைக் காலம் முந்துகிறதா பிந்துகிறதா என்பதையும் கண்டறிவர். ஒரு பொய்ப்படம் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்துவிடும்.

எனினும், எல்லா உண்மையையும் எல்லார்க்கும் உடனே கூறிவிடுதலும் நன்றன்று. அரிய பறவை தங்கும் மரம் இன்னது என்று பொதுவெளியில் அறிவித்தால், அன்பரும் வருவர், வேட்டைக்காரரும் வருவர். பறவைப் பதிவுகளைத் திரட்டும் ‘இபேர்ட்’ என்னும் இணையத்தளம், ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய சில இனங்களின் இருப்பிடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் மறைக்கிறது. இது பொய் கூறுதல் ஆகாது. பிறர்க்குத் தீங்கு நேராவண்ணம் நாவடக்கம் காத்தலும் வாய்மையின் ஒரு கூறே.

கருவி இல்லாதவர் என் செய்வது?

பறவையைப் படம் எடுக்கும் கருவிகள் விலை மிகுந்தவை. அவற்றை வாங்கும் வசதி நம்முள் பெரும்பாலோர்க்கு இல்லை. அதற்காக வருந்த வேண்டியதில்லை. கருவியை வானத்தை நோக்கித் திருப்புவதற்குமுன் கண்களைத் திருப்ப வேண்டும், அதற்குச் செலவில்லை.

தமிழ்நாட்டின் காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனாகிய இவர், கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களுக்குப் பெயர்பெற்றவர். ஆனால் படத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தாம் கண்டவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பல்லாண்டுகள் எழுதினார். உயிர்களின் உருவத்தைப் படம் காட்டியது. அவற்றின் வாழ்க்கையை எழுத்து காட்டியது.

கருவி எதுவும் இல்லாத காலத்திலும் நம்மவர் பறவைகளைக் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர் என்பதற்குப் பறவைப் பெயர்களே சான்று. நீரின்மேல் பாய்ந்து மீனைப் பற்றும் வலசைப் பறவைக்கு ‘விராலடிப்பான்’ என்று பெயர். பெயரைக் கேட்டவுடனே அதன் தொழில் விளங்கிவிடுகிறது. கழுகு, பருந்து, வல்லூறு, இராசாளி, பூனைப்பருந்து என வேறுவேறு பெயர்கள் இருப்பதே, வேறுபாடுகளைக் கண்டறிந்த கண்கள் இருந்தன என்பதைக் காட்டும். இப்பெயர்களை இழந்து, எல்லாவற்றையும் ‘கழுகு’ என்றோ ஆங்கிலப் பெயராலோ மட்டும் கூறினால், பார்வையின் கூர்மையையும் சேர்த்தே இழந்துவிடுவோம். ஆகவே, நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கு வரி தமிழில் எழுதுங்கள். படம் இல்லையெனில் அந்நான்கு வரிகளை மட்டுமாவது எழுதுங்கள்.

தங்குமிடமும் தாயகமே

‘உன் சொந்த ஊர் எது?’ என்னும் வினா உங்களுள் பலர்க்குப் பழகியதுதான். பெற்றோரின் பணி மாற்றத்தால் ஊர்கள் மாறியிருக்கும்; பள்ளிகள் மாறியிருக்கும். விடை கூறுமுன் ஒரு கணம் தயங்கியிருப்பீர்கள். தமிழ் கற்பிக்கும் பொருட்டு வெளிமாநிலத்தில் வாழும் எனக்கும் அத்தயக்கம் உண்டு. அமூர் வல்லூறுவிடம் இதே வினாவைக் கேட்டால் அது எவ்விடத்தைக் கூறும்? பிறந்த சைபீரியாவையா? மாதக்கணக்கில் வாழும் ஆப்பிரிக்காவையா? சில வாரங்களே தங்கும் நாகாலாந்தையா? மூன்றனுள் ஒன்று பாழ்பட்டாலும் அதன் வாழ்வு முடிந்துவிடும். எனவே மூன்றும் அதற்குத் தாயகமே.

வந்து தங்கும் உயிரைத் தன் ஊரின் உயிராகக் கருதிக் காப்பவரே அந்த இடத்தைத் தாயகமாக்குகின்றனர். பாங்டி ஊரார் அதனைச் செய்தனர். படம் எடுப்பவரும் அதே கடமையில் பங்குடையவர்.

எனவே, பொறுமை, அறிவு, அறம் ஆகிய மூன்றனுள் அறத்தையே நான் முதலில் வைப்பேன். பொறுமையற்றவரின் படம் மங்கலாகும். அறிவற்றவரின் படம் பயனற்றதாகும். இவ்விரண்டும் எடுப்பவர்க்கு நேரும் இழப்புகள். அறமற்றவரின் படமோ மிகத் தெளிவாகவும் மிக அழகாகவும்கூட இருக்கலாம். அதன் இழப்பைப் பறவை சுமக்க நேரிடும். நம் படம் பதிவான பின்னரும் அப்பறவை எதற்காக அங்கு வந்ததோ அதனையே செய்துகொண்டிருந்தால், அதுவே நல்ல ஒளிப்படம்.

சொல்லும் பொருளும்

வலசை – இடம்பெயர்ந்து செல்லுதல்
கதவம் – கருவியினுள் ஒளியை விட்டு அடைக்கும் பகுதி
தீற்றல் – தெளிவற்ற கோடு, பூச்சு
அடைதல் – பறவைகள் இரவில் தங்குதல்
கண்ணி – சங்கிலியின் ஒரு வளையம்
நாவடக்கம் – சொல்லக் கூடாததைச் சொல்லாமை

சிந்தித்து விடையளிக்க

1. பெரிய கழுகுகள் நெடுந்தொலைவு பறக்கக் காற்று எவ்வாறு உதவுகிறது?
2. பறவை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எவ்வளவு நகரும்? கணக்கிட்டு எழுதுக.
3. ‘குற்றத்தைக் காட்டும் படம் தேவை, அதைத் திருத்திக்கொண்டவரைக் காட்டும் படம் அதைவிடத் தேவை’ – இக்கருத்தோடு நீங்கள் உடன்படுகிறீர்களா? காரணம் தருக.
4. அரிய பறவையின் இருப்பிடத்தை மறைப்பது வாய்மைக்கு மாறானதா? இரு தரப்பாகப் பிரிந்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
5. நீங்கள் இப்போது வாழும் ஊரில் காணும் வேட்டைப் பறவை ஒன்றைப் பத்து நிமிடம் உற்றுநோக்கி, அதனைப் பற்றி நான்கு வரிகள் எழுதுக. அப்பறவைக்கு அவ்வூர் மக்கள் வழங்கும் பெயரையும் தமிழ்ப் பெயரையும் கேட்டறிந்து சேர்க்க.